இல்லை என்று சொன்ன இடம்

லாபிஸ்,
14.2.2024

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு, அப்பா அய்யாவு எழுதுவது.

நான் இங்கே முக்கால் பங்கு சுகம். மீதிக் கால் பங்கைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே முழுச் சுகமாக இருக்க முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற செல்வா சாருக்கும் வணக்கம். அந்தச் சிறையில் தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி அவர் ஒருவர்தானாம். தமிழ்க் கடிதங்கள் எல்லாம் அவர் மேசையில் வரிசை பிடித்து நிற்குமாம். உன் தங்கை லோஷினி சொன்னாள். சார், என் கையெழுத்தை மன்னிக்கவும். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை.

ஜனவரியிலும் இந்த மாதமும் உன்னைப் பார்க்க நான் வரவில்லை. லோரி பழுது என்று சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்பினேன். லோரி நன்றாகத்தான் இருக்கிறது. பழுதானது டிரைவர்.

தைப்பூசத்துக்கு மறுவாரம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனேன். எடை மேடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்க இறங்கினேன். இறங்கியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து, கிளார்க்கு மகேஸ்வரன் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். "அலமாக், அண்ணே, இவ்ளோ வெள்ளையா உங்கள நான் பாத்ததே இல்ல லா" என்றான். நாற்பத்தேழு வருஷத்தில் என்னை வெள்ளை என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டார்கள். இரண்டு மாதமாகத் தார் மாதிரிதான் போனது. நான் ஒரு நாளைக்கு ஏழு கோப்பி ஓ குடிக்கிறவன். கருப்பாகக் குடித்தால் கருப்பாகத்தானே போகும் என்று இருந்துவிட்டேன். இதைச் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்ததோ தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் துரியான் வாசம் பிடிக்கவில்லை. கொடுத்த ஆள் கிடைத்தால் கேட்க வேண்டும்.

வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம்.

நீ வெளியே வருகிற நவம்பர் பதினெட்டாம் தேதியை அம்மா நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். பதினெட்டு மாதத் தண்டனை நன்னடத்தையால் பன்னிரண்டாகும் என்று வக்கீல் சொன்னதை நம்பிப் போட்ட வட்டம். யார் என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு இரு. செகாமாட் கடையில் ஒரு தடவை கை நீட்டியது போதும்.

உன் சுகத்துக்கு எழுது.

இப்படிக்கு
அப்பா


10.3.2024

அப்பாவுக்கு ரூபேந்திரன் எழுதுவது.

நான் சுகம். நீங்கள், அம்மா, லோஷினி மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் அம்மாவும் லோஷினியும் ஒரு தடவை வந்து போய்விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. அப்பா எங்கே என்றால் லோரி என்கிறார்கள். லோஷினி தரையைப் பார்க்கிறாள்.

வயிற்றுப் புண்ணுக்கு மூன்று மாதம் வராமல் இருப்பார்களா? கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன அன்றும் நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. ஜட்ஜுக்குப் பின்னால் இருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். ஜோக் எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூபேந்திரன்


லாபிஸ்,
28.3.2024

மகன் ரூபேந்திரனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ சுகம் என்று எழுதியதைப் படித்து அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். என் சுகத்தைப் பற்றி ஜோக் இல்லாமல் எழுத முயற்சி செய்கிறேன். பழக்கம் இல்லை, பார்க்கலாம்.

கொடியைப் பார்த்தது உண்மை. உன்னைப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பேன். ஐம்பது பேர் இருந்தார்கள். கோபம் இல்லை.

குழாய் விட்டார்கள். முனையில் சின்ன விளக்கு இருக்கிறது. இரைப்பையைத் தாண்டி, சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் ஒரு கட்டி. திரையில் எனக்கும் காட்டினார்கள். அதிலிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. கேன்சர் என்கிறார்கள். சொல்லக்கூடாது, நீ அங்கே யாரையாவது அடித்துவைப்பாய், வட்டம் தள்ளிப்போகும் என்று அம்மா தடுத்தாள். கோபத்தில் வராமல் இருக்கிறேன் என்று நீ நினைப்பதைவிட இது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

அந்த வார்த்தையை எழுத நேரம் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. செம்பனைக் குலையின் எடையை எழுதுவது போல எழுதிவிட்டேன்.

என்னைப் பார்க்கிற டாக்டர் பெயர் வசந்தினி. முப்பது வயதுதான் இருக்கும். சிலோன்காரக் குடும்பம். பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவருடைய தாத்தா நாங்கள் இருந்த தோட்டத்தில் கணக்கும் சம்பளமும் பார்த்த பெரிய கிராணி. என் அப்பா சம்பள நாளில் அவர் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர். பேத்தி என்னை 'ஐயா' என்று கூப்பிடுகிறார். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. டிரிப் மாட்டியிருந்ததால் முடியவில்லை.

நிறையக் கேள்வி கேட்டார். இருமல் இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா, உடம்பில் வேறு எங்கேயாவது வீக்கம் இருக்கிறதா. அம்மா பக்கத்திலேயே நின்றாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இல்லை என்று சொல்வதில் உன் அப்பன் கெட்டிக்காரன்.

பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டி வருமாம். இரைப்பையில் கொஞ்சம், குடலில் கொஞ்சம், கணையத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு மீதியை ஒட்டுவார்களாம். குழாய் விட்டபோது எடுத்த சதைத் துணுக்கின் ரிசல்ட் வந்ததும் தேதி.

நீ கையைக் கட்டிக்கொண்டு இரு. செல்வா சாருக்கு வணக்கம்.

அப்பா


21.4.2024

அப்பாவுக்கு,

நான் சுகம். உங்களிடம் சுகமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதத்தை ஆறு தடவை படித்தேன். ஒன்றும் செய்யவில்லை. அன்று மத்தியானம் ஒருவன் என் தட்டிலிருந்து மீனை எடுத்துக்கொண்டான். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன்தான் பயந்துபோய்த் திருப்பி வைத்தான்.

ஆபரேஷன் எப்போது? எத்தனை மணி நேரம்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? லோஷினிக்கு சிங்கப்பூர் வேலையில் லீவு கொடுப்பார்களா?

கோர்ட்டில் நடந்ததை நான் எழுதியிருக்கக்கூடாது.

ரூபேந்திரன்


லாபிஸ்,
8.5.2024

அன்பு மகனுக்கு,

அப்பா உட்கார்ந்து எழுதுகிற அளவுக்குச் சுகம். சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் சுகம். நீ மீன் விஷயத்தில் நடந்துகொண்டதை அம்மாவிடம் சொன்னேன். "அவன் மீன விட்டுக் குடுத்தானா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு எழுந்து போனாள்.

முதல் செய்தி, பெரிய ஆபரேஷன் இல்லை. குடலை வெட்ட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இது குடலிலேயே வருகிற கேன்சர் இல்லையாம், வேறு ஜாதியாம். மருந்துக்கு அடங்குகிற ஜாதி என்கிறார் டாக்டர். வருகிற திங்கட்கிழமை கீமோ தொடங்குகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை வார்டில், பிறகு இரண்டு வாரம் வீட்டில், திரும்பவும் திங்கள். இப்படி நான்கு சுற்று. அதற்கு முன்னால் கீழே ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாவது, இந்த மாதிரி வந்தால் ஆண் பிள்ளைகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதனால் குளிக்கும்போது உடம்பை ஒரு தடவை நன்றாகப் பார். எங்கேயாவது கட்டி மாதிரி இருந்தால் அங்கே இருக்கிற மருந்தாளரிடம் சொல். எல்லா இடத்தையும் பார். நான் சொல்வது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

மழை விட்டுவிட்டது. பழம் குறைவு. லோரியைச் சின்னப் பையன் ஒருவனிடம் கொடுத்திருக்கிறார் முதலாளி தவுக்கே. கியர் மாற்றும்போது அது அழுகிற சத்தம் வீடுவரை கேட்கிறது.

அப்பா


27.5.2024

அப்பாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் கீமோ எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

நீங்கள் எழுதியது புரியவில்லை. கழுத்தைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது செல்வா சார், "உங்க அப்பா என்னமோ சொல்ல வராரு, சொல்ல மாட்டேங்கிறாரு. என்னடா அது?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன்.

கீழே சின்ன ஆபரேஷன் என்றால் கீழே எங்கே? காலா? எழுத ஒன்றும் இல்லை என்றால் ஏன் எழுதினீர்கள்?

எல்லோரும் பாதி பாதியாகவே சொல்கிறீர்கள். இங்கே எனக்கு மீதியை யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

ரூபேந்திரன்


லாபிஸ்,
12.6.2024

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு,

முதலில் செல்வா சாருக்கு. சார், வணக்கம். இந்தக் கடிதத்தில் ஓர் இடம் அசிங்கம் போலத் தெரியும். அசிங்கம் இல்லை, வைத்தியம். கறுப்பு மை வைத்து அடித்துவிடாமல் அப்படியே என் மகனிடம் கொடுங்கள். இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவது தடவை எழுதுகிறேன். உங்களுக்கும் ஆண் பிள்ளை இருந்தால் நீங்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உனக்கு. தலைமுடி போய்விட்டது, வாந்தி இருக்கிறது, மற்றபடி இருக்கிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. நீ கேட்டாயே, கீழே என்றால் கால் இல்லை.

என் வலது விதையில்தான் முதலில் வந்திருக்கிறது. குடலில் இருந்தது அங்கிருந்து போனது. வயிற்றுக்குப் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி நெரிகட்டி இருக்குமாம், அதில் போய் வளர்ந்து, அங்கிருந்து குடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. நூறு பேருக்கு வந்தால் நான்கைந்து பேருக்குத்தான் குடல்வரை வருமாம். லாட்டரியில் எனக்கு ஒரு தடவைகூட அடித்ததில்லை, இதில் அடித்தது.

போன வருஷத் தைப்பூசத்திலேயே எனக்கு அங்கே வீக்கம் இருந்தது. ஒரு வருஷம். வலி இல்லை. குலை தூக்கிக் குடலிறங்கிவிட்டது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். நம் ஆட்களில் குலை ஏற்றுகிற பாதிப் பேர் அப்படித்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நானும் பாசாரில் இறுக்கமான ஜட்டி அரை டஜன் வாங்கினேன். அதுதான் நான் செய்த வைத்தியம். உன் அம்மாவுக்கே தெரியாது. எப்படி மறைத்தேன் என்று கேட்காதே, கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

வேறு எங்கேயாவது வீக்கம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார் என்று எழுதினேனே. அப்போது அது என் காலுக்கு நடுவில் கோழி முட்டை அளவில் இருந்தது. நான் இல்லை என்றேன். இந்தப் பக்கம் உன் அம்மா. அந்தப் பக்கம் கிராணியாருடைய பேத்தி.  என் பேச்சை நம்பி அவர்கள் குடலை வெட்ட நாள் பார்த்தார்கள். கடைசியில் ரிசல்ட் வரும் முன்பே தேதிகூடக் கொடுத்துவிட்டார்கள். சதைத் துணுக்கின் ரிசல்ட் வர ஒரு வாரம் தாமதமாகியிருந்தால் இரைப்பையையும் கணையத்தையும் சும்மா வெட்டிப் போட்டிருப்பார்கள். அதற்கு டாக்டர் காரணமில்லை, நான்தான் காரணம்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் வசந்தினி அம்மாவைப் பார்த்து, "அம்மா, மிஸ்ஸியிட்ட போய்ப் பழைய எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு வாறீங்களோ" என்று நர்ஸிடம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்கட குடலில இருந்து எடுத்த சதை, குடல் சதை இல்லை. வேற இடத்துச் சதை. எந்த இடமெண்டு உங்களுக்குத் தெரியும் எண்டு நினைக்கிறன்."

நான் சுவரில் இருந்த கைகழுவுகிற படத்தைப் பார்த்தேன். ஏழு படம் இருக்கிறது, வரிசையாக.

"கொடல் எறக்கம்னு நெனச்சேன் டாக்டர்."

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருஷம்."

"அண்டைக்கு நான் கேட்டனான்."

"ஆமா டாக்டர்."

அவர் திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. என் ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "மகன் இருக்கிறாரோ?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். என்ன வயசு என்றார். இருபத்து மூன்று என்றேன். "அப்பாவுக்கு வந்தால் மகனுக்கு வாற சாத்தியம் கூட. இது இளம் வயசுக்காரருக்குத்தான் கூட வாறது. உடனே பாக்கச் சொல்லுங்கோ." சரி என்றேன். நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்லவில்லை. அதையும் மறைத்தேன்.

அது நடந்தது ஏப்ரல் பதினாறு. இன்று ஜூன் பன்னிரண்டு. எட்டு வாரமாக இந்த ஒரு வரியை எழுதத் தெரியாமல் உன்னை அக்குளிலும் கழுத்திலும் தேடி அலையவிட்டிருக்கிறேன்.

இப்படிப் பார். குளித்து உடம்பு சூடாக இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டு. வழுவழுப்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் மெல்லிய கயிறு மாதிரி ஒன்று இருக்கும், அது எல்லோருக்கும் இருக்கிறது. அதைத் தவிரக் கல் மாதிரியோ, ஒன்று மற்றதைவிடப் பெரிதாகவோ, கனமாகவோ இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே. இது வலிக்காது.

வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதுதான் சின்ன ஆபரேஷன். ஒன்று இருந்தால் போதும் என்கிறார் டாக்டர்.

உடனே பதில் எழுது.

அப்பா


லாபிஸ்,
22.7.2024

மகனுக்கு,

இரண்டு பேரும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. என்னை விட்டு நகர முடியாததால் அம்மாவும் இந்த மாதம் வரவில்லை. நான் எழுதியது உனக்கு அசிங்கமாகப் பட்டதா, செல்வா சார் மேசையிலேயே நின்றுவிட்டதா என்று தெரியவில்லை.

நான்காவது சுற்று வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. திங்களிலிருந்து ஆறாவது மாடியில் இருந்தேன். விரல் நுனியும் பாதமும் மரத்துவிட்டன. செருப்பு கழன்றால் தெரிவதில்லை. இரண்டு தடவை ஒற்றைச் செருப்போடு கழிவறை போய் வந்தேன். பேனாவைப் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

பார்த்தாயா இல்லையா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அப்பா


11.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். இந்தத் தடவை அதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஜூன் கடைசியில் கிடைத்தது. செல்வா சார் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலக் கொடுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஓர் இடத்திலும் மை இல்லை. நான் படித்து முடிக்கும்வரை நின்றார்.

"இருக்காடா?" என்றார்.

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நாளைக்குக் காலையில ஸிக் ரிப்போர்ட் போடு. என்ன காரணம்னு கேட்டா வயித்து வலின்னு எழுது. உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்."

இருந்தது அப்பா. இடது பக்கம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தெரியும், உருட்டிப் பார்க்க வேண்டிய வேலை இல்லை. செகாமாட் கடைச் சண்டையில் ஒருவன் என்னை அங்கே உதைத்தான். அதிலிருந்து வீங்கியிருக்கிறது, அடிபட்ட இடம் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று எழுதினேனே, அப்போதும் அது இருந்தது. நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஸிக் ரிப்போர்ட் போடவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போட்டேன். செல்வா சார் தினமும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அது தாங்காமல் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை பதினேழு, புதன்கிழமை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது மாடி. ஒரு கை கட்டிலோடு விலங்கு, வாசலில் இரண்டு பேர். வீட்டுக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அம்மா ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்த வாரம் நீங்கள் மேலேயே இருந்தீர்கள் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வேறு எங்கேயும் பரவவில்லையாம். கீமோ வேண்டாம், அடிக்கடி ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் போதும் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அவர் வரைந்த வழி நீங்கள் எழுதியதேதான். முதுகெலும்பு, அங்கிருந்து குடல்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வரிசையில் நிற்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இதை அம்மாவிடம் கேட்க முடியாது, டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. செல்வா சார் படிப்பார், படிக்கட்டும். காலையில் விழிப்பு வந்ததும் என் கை தானாக அங்கே போகிறது. ஒன்று இல்லை என்று தெரிந்தும் போய்த் தேடுகிறது. உங்களுக்கும் அப்படி இருக்கிறதா?

ரூபேந்திரன்


லாபிஸ்,
30.8.2024

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுநாள் எடுத்துப் படித்தேன்.  நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை. இந்த வீட்டில் மறைத்து வைத்தது போதும். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் நறுக்கி முடித்தாள். பிறகு, "ஆபரேஷன் அன்னைக்கு சாப்பிட என்னா குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதை மறக்காமல் எழுது. தினமும் கேட்கிறாள்.

பதினேழாம் தேதி புதன்கிழமை நான் ஆறாவது மாடியில். மத்தியானம் மருந்து முடிந்து அடுத்த பாட்டில் வரும்வரை நேரம் இருந்தது. மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு கீழே கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். மின்தூக்கி மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. மூடிக்கொண்டது. எதற்கு நின்றது என்று நினைத்தேன், அவ்வளவுதான். கீழே போய் ரொட்டி வாங்கி வந்தேன்.

போன வாரம் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் இருந்த கட்டி சுருங்கிவிட்டது. ரத்தக் கசிவு நின்றுவிட்டது. முதுகுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. செத்த சதையா உயிருள்ளதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். பெரிதானால் ஆபரேஷன், சுருங்கினால் இல்லை. டாக்டர் வசந்தினியிடம் நீ இருக்கிற இடத்தைச் சொன்னேன். உட்கார்ந்துகொண்டே சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தேடி உன் பெயரைக் கண்டுபிடித்தார். எனக்கும் உனக்கும் ஒரே நாளில் தேதி போட்டிருக்கிறார். நவம்பர் இருபத்தாறு, காலை எட்டரை. அதற்குள் நீ வெளியே வந்திருப்பாய். வராவிட்டால் அவர்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள். எப்படி வந்தாலும் நான் அங்கே வாசல் பெஞ்சில் இருப்பேன்.

செல்வா சாருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சார், வணக்கம்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், எனக்கும் போகிறது. நான்கு மாதமாகிவிட்டது, இன்னும் கண் திறப்பதற்கு முன்னால் கை போய்விடுகிறது. நான் அதைத் தடுப்பதில்லை. நீயும் தடுக்காதே. போகிற கை, மீதி இருக்கிற ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். மாதா மாதம் பார்க்க வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். உனக்கும் எனக்கும் சோம்பல், கைக்கு இல்லை.

விரல் மரத்திருப்பதால் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. இன்று காலை என்னுடையது வழுவழுப்பாக இருந்தது. உன்னுடையது எப்படி என்று எழுது.

அப்பா